அம்பலவாணர் வீட்டு நிழல்

ஆவரங்கோட்டையில் அம்பலவாணரின் உடலைத் தூக்கிக்கொண்டு போனபோது அவருடைய நிழல் மட்டும் கூடப் போகவில்லை. டில்லியிலிருந்து மந்திரிகள் வந்திருந்தார்கள், ரயில் நிலையத்திலிருந்து மாளிகை வரைக்கும் ஜனம் நின்றது, பீரங்கி வண்டியில் ஏற்றி மூவர்ணக் கொடி போர்த்தி அவரைக் கண்மாய்க் கரைக்குக் கொண்டுபோய் எரித்தார்கள். எல்லாம் முடிந்து, தலை முழுகிவிட்டு ஈரத் துணியோடு திரும்பி வந்தவர்கள் பார்த்தபோது, கூடத்தில் அவர் வழக்கமாக எழுதுகிற மேஜைக்கு முன்னால் நாற்காலி காலியாக இருக்க, சுவரில் அவருடைய நிழல் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தது. வழுக்கைத் தலை, லேசாகக் கூன் விழுந்த முதுகு, காதில் வளைந்து ஏறிய மூக்குக் கண்ணாடிக் கம்பி, எல்லாம் அவரேதான். யாரும் அலறவில்லை. அவர் அப்படிப்பட்ட மனிதர், வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் போகிறவர் இல்லை என்று சொல்லிக்கொண்டு, சாப்பாட்டுப் பந்தியில் ஓர் இலையைக் கூடுதலாகப் போட்டார்கள்.

அந்த மாளிகையை அவருடைய அப்பா பஞ்சு வியாபாரத்தில் கொழித்த காலத்தில் கட்டினார். பர்மாத் தேக்குத் தூண்களும், வழுக்குகிற பளிங்குத் தரையும், வெயிலைச் சிவப்பும் பச்சையுமாக உடைத்துக் கூடத்தில் கொட்டுகிற கண்ணாடி ஜன்னல்களுமாக, ஊருக்கு நடுவில் கப்பல் போல நின்ற வீடு அது. வெள்ளைக்காரன் சிறையிலிருந்து திரும்பி வந்த அம்பலவாணர், பெயருக்குப் பின்னால் ஒட்டியிருந்த சாதியை முதலில் வெட்டினார். அப்புறம் முன்வாசல் கதவுகள் இரண்டையும் கழற்றிக் காலனிப் பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு செய்யக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த வாசலுக்குக் கதவே கிடையாது. எந்த ஊரில் எந்தப் பையனும் பெண்ணும் சாதி மீறி விரும்பி ஓடிவந்தாலும் கதவில்லாத அந்த வாசல் வழியாக உள்ளே வருவார்கள், அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து வந்து மாலையை எடுத்துக் கொடுப்பார், வலது கையைத் தூக்குவார், கல்யாணம் முடிந்துவிடும். "இந்த வீட்டுக்குள்ள வந்து நின்னவங்க மேல ஒரு கை படாது" என்று அவர் சொன்னது, அவர் இருக்கும்வரை பொய்யானதே இல்லை.

அரசாங்கம் அந்த வீட்டை நினைவு இல்லமாக ஆக்கியபோது அதிகாரிகளும் நிழலைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, பார்வை நேரம் காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை என்று பலகை எழுதி வைத்தார்கள், ஏனென்றால் நிழலும் ஏறக்குறைய அந்த நேரத்துக்குத்தான் சுவரில் இருந்தது. மேகம் மூடிய நாளில் அது தெரியாது, அன்றைக்கு ஐயாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊர் சொல்லிக்கொள்ளும். பிள்ளை பெற்றவர்கள் பச்சைப் பிள்ளையைக் கொண்டுவந்து அந்த நிழல் விழுகிற இடத்தில் கிடத்தி எடுத்தார்கள்; பரீட்சைக்குப் போகிறவர்கள் பேனாவைக் காட்டிவிட்டுப் போனார்கள்; தேர்தலில் நிற்கிற எல்லாக் கட்சிக்காரர்களும் வந்து அதன் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டார்கள், நிழல் யாரையும் திரும்பிப் பார்க்காமல் எழுதிக்கொண்டேயிருந்தது. காலனிக்காரர்களும் வந்தார்கள். ஐயாவின் நிழலுக்குத் தீட்டு கிடையாது என்று ஊரே பெருமையாகப் பேசிக்கொண்டது. கும்பிட்டுவிட்டு வெளியே வந்து ஊர்த்தெருவில் கால் வைக்கும்போது மட்டும் காலனிக்காரர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வீட்டைச் சுற்றிக்காட்டி விளக்கம் சொல்கிற வேலையில் மதுரவல்லி என்றொரு பெண் இருந்தாள். கணவனை இழந்தவள், ஒரே மகளை வெளியூரில் கட்டிக்கொடுத்தவள். வருகிறவர்களைக் கூடத்தில் நிறுத்தி, இது ஐயா படுத்த கட்டில், இது சிறையில் சாப்பிட்ட அலுமினியத் தட்டு, இந்த இடத்தில்தான் ஐயா கல்யாணங்களை நடத்தி வைத்தார், இந்த வீட்டுக்குள் வந்து நின்றவர்கள் மேல் ஒரு கை படாது என்று சொன்னார் என்று தினம் தினம் சொல்லிச் சொல்லி, கடைசியில் அந்தச் சொல் தன்னுடைய சொல்தான் என்கிற மாதிரி அவளுக்குப் பழகிப்போயிருந்தது. நிழலோடு ஒரே கூரையின் கீழ் பகல் முழுவதும் இருந்ததால், அது எப்போது பேனாவை மையில் தொட்டு எழுதும், எப்போது கன்னத்தில் கை வைத்து யோசிக்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

ஆனி மாதத்து வெயிலில் ஒரு மத்தியானம், வெளியூர்ப் பள்ளிப் பிள்ளைகளின் கூட்டம் கலைந்துபோன பிறகும் கூடத்தில் இரண்டு பேர் நின்றார்கள். அவனை மதுரவல்லிக்குத் தெரியும். ஞானசுந்தர், காலனிப் பையன், மின்சார வேலை பார்க்கிறவன், இந்த வீட்டு விசிறிகளைக்கூட அவன்தான் ஒரு தடவை வந்து சரி செய்தான். அவளையும் தெரியும், வினோதா, நர்சிங் படிக்கிறவள், குருவையாவின் மகள். குருவையா என்றால் ஊரில் பெரிய ஆள். அம்பலவாணர் பிறந்தநாள் விழாக் குழுவுக்குத் தலைவர் அவர்தான், வருஷா வருஷம் வாசலுக்கு எதிரே கம்பிக் கூண்டுக்குள் நிற்கிற ஐயாவின் சிலைக்கு முதல் மாலை போடுகிறவர் அவர்தான்.

வினோதா கேட்டாள்: "அக்கா, ஒரு கை படாதுன்னு சொன்னீங்களே. அது அந்தக் காலத்துல. இப்பவும் அது செல்லுமா?"

மதுரவல்லி சுவரைப் பார்த்தாள். நிழல் எழுதுவதை நிறுத்தியிருந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அது தலையைத் திருப்பி அந்த இரண்டு பேரையும் பார்த்தது.

"செல்லும்" என்றாள் மதுரவல்லி.

காவலாளி செபஸ்தியான் வாசலிலிருந்து ஓடிவந்தார். வயதான மனுஷன், ஊரை அறிந்தவர். "தாயி, இதுகளைத் தோட்டத்து வழியா அனுப்பிரு. ஓடையைத் தாண்டிட்டா ரோட்டுல பஸ் கெடைக்கும். இங்க வச்சிருக்காத, சொன்னாக் கேளு."

"எங்க போனாலும் துரத்திட்டு வருவாங்க அண்ணாச்சி. இங்க எவனும் கை வைக்க மாட்டான். ஐயா பாத்துக்கிட்டிருக்காரு, பாருங்க."

"போயிரலாம் வினோ" என்றான் ஞானசுந்தர். அவனுடைய சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. வினோதா நிழலையே பார்த்துக்கொண்டு, "இல்ல, இங்கயே இருப்போம். அக்காதான் செல்லும்னு சொல்றாங்கல்ல" என்றாள்.

காப்பாளர் நல்லதம்பி அலுவலக அறைக்குள் போய்க் காவல் நிலையத்துக்குப் போன் போட்டார். கெட்ட எண்ணத்தில் இல்லை. போலீஸ் வந்துவிட்டால் பயமில்லை என்று நினைத்தார். ஆனால் அந்த ஊரில் சேதி என்பது சொன்ன இடத்தில் நிற்கிற பொருள் இல்லை. அவர் போனை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிப்பதற்குள் பஞ்சு மில்லுக்குத் தெரிந்து, மில்லிலிருந்து டீக்கடைக்குத் தெரிந்து, டீக்கடையிலிருந்து குருவையாவின் வீட்டுக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குள் கூடத்தில் கல்யாணம் நடந்தது. ஐயாவின் படத்துக்குக் காலையில் போட்ட செவ்வந்தி மாலையை மதுரவல்லி கழற்றிக் கொடுத்தாள்; இன்னொன்றுக்கு எங்கே போவது என்று தவித்தபோது, அத்தனை பயந்த செபஸ்தியானே கூண்டைத் திறந்து சிலையின் கழுத்திலிருந்து மாலையை எடுத்துக்கொண்டு வந்தார். நிழல் சுவரை விட்டு இறங்கித் தரையில் நடந்து வந்தது. பளிங்கில் அது நீண்டு கிடந்து, வலது கையைத் தூக்கி, இரண்டு பேரின் தலைக்கும் மேலே ஒரு குளிர்ச்சியைப் பிடித்தது. வினோதா அழுதுகொண்டே சிரித்தாள். ஞானசுந்தர் குனிந்து நிழலின் பாதத்தைத் தொட்டான், விரலில் பளிங்குதான் தட்டுப்பட்டது.

வண்டிகள் வந்து நின்ற சத்தம் கேட்டதும் நிழல் திரும்பியது. கிழட்டு நடையை விட்டுவிட்டு, வாலிபத்தில் தடியடிக்கு முன்னால் போய் நின்றாரே அந்த மாதிரி வேகமாகப் போய், கதவில்லாத வாசலில், இந்த நிலைக்காலிலிருந்து அந்த நிலைக்காலுக்கு இரண்டு கைகளையும் விரித்துக் குறுக்கே விழுந்து கிடந்தது.

குருவையா முன்னால் வந்தார், அவருக்குப் பக்கத்தில் வினோதாவின் தாய்மாமன் சங்கரபாண்டி வந்தான், பின்னால் ஊர் வந்தது, சிலர் கையில் அரிவாள் இருந்தது. வாசலில் கிடந்த நிழலைப் பார்த்ததும் அத்தனை பேரும் சட்டென்று நின்றார்கள். மதுரவல்லி தூணைப் பிடித்துக்கொண்டு, செல்லுது, செல்லுது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

குருவையா மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துக் காலளவு விட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். செருப்பைக் கழற்றினார். அவர் செய்ததைப் பார்த்து அத்தனை பேரும் அப்படியே செய்தார்கள்.

"அரிவாளை வெளியில வச்சிருங்கப்பா" என்றார் குருவையா. "ஐயா வீட்டுக்குள்ள ரத்தம் சிந்தக் கூடாது."

அரிவாள்களைச் சுவரோரமாகச் சாத்தி வைத்தார்கள். ஒவ்வொருவராகக் குனிந்து, நிழலின் நெஞ்சு இருந்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மன்னிச்சுக்கங்க ஐயா என்று உண்மையான பணிவோடு முணுமுணுத்து, அதை மிதித்துவிடாமல் காலை அகல வைத்துத் தாண்டி உள்ளே வந்தார்கள். சங்கரபாண்டியின் கண்ணில் நீர்கூட வந்தது. நிழல் கைகளை இன்னும் விரித்தது, விரல்களை விரித்தது, இழுத்துப் பிடித்த துணி மாதிரி வாசலை அடைத்துக்கொண்டு துடித்தது. துடித்து என்ன, நிழல்தானே.

மதுரவல்லி குறுக்கே போய் நின்றாள், ஒருவன் அவளை நோகாமல் பிடித்து நகர்த்தி வைத்தான். "நீங்க விலகுங்க அக்கா, உங்களுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது" என்றான். மாலையைப் பிய்க்கவில்லை, ஐயாவின் மாலை என்பதால் கழற்றி மேஜை மேல் வைத்தார்கள். ஞானசுந்தரின் வாயைப் பொத்தி, வினோதாவைத் தலைமயிரைப் பிடித்து, திரும்பவும் அதே மாதிரி நிழலைத் தாண்டி வெளியே கொண்டுபோனார்கள். கடைசி ஆள் திரும்பி நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு அரிவாளை எடுத்துக்கொண்டான்.

போலீஸ் வந்தபோது கூடம் சுத்தமாக இருந்தது. ஞானசுந்தரை மறுநாள் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் கண்டெடுத்தார்கள். ரயிலில் அடிபட்டான் என்று ஊர் சொன்னது, ஊர் சொன்னதையே அதிகாரியும் சொன்னார். விசாரணைக்கு வந்தவரிடம் நல்லதம்பி தான் போனில் பேசிக்கொண்டிருந்ததாகச் சொன்னார், செபஸ்தியான் தனக்குக் கண் மங்கல் என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மதுரவல்லி மட்டும் வந்தவர்கள் பெயரையெல்லாம் சொன்னாள்.

"வேற யாரு பாத்தது?" என்று அதிகாரி கேட்டார்.

"ஐயா பாத்தாரு."

அவர் வாசலைப் பார்த்தார். நிழல் அங்கேயேதான் கிடந்தது, கையை விரித்தபடி. அதை நம்பாமல் இல்லை. அவருடைய மகளின் காதுகுத்துக்கே அந்த நிழலில் உட்காரவைத்துத்தான் கொண்டுபோனார். "ஆமா, ஐயா பாத்திருப்பாரு" என்று தலையை ஆட்டிவிட்டு, அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து போனார்.

நிழல் அதற்குப் பிறகு மேஜைக்குத் திரும்பவில்லை. வெயில் வந்ததும் வாசலில் வந்து படுத்தது, வெயில் போகும்வரை கையை மடக்கவில்லை. முதலில் ஜனங்கள் அந்தப் பக்கம் வரக் கூசினார்கள். பிறகு ஒருத்தர் இரண்டு பேர் வந்தார்கள், தாண்டினார்கள், ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் பச்சைப் பிள்ளைகளை வாசலிலேயே கிடத்த ஆரம்பித்தார்கள். விரித்த கைக்குள் கிடத்தினால் இன்னும் விசேஷம் என்று யாரோ சொன்னார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து பித்தளைக் கம்பமும் சிவப்புக் கயிறும் வந்தன, கூடவே ஒரு பலகையும் வந்தது: 'வருகையாளர்களை இரு கரம் விரித்து வரவேற்கும் தலைவர்.' இதையும் நீங்கள் விளக்கிச் சொல்ல வேண்டும் என்று நல்லதம்பி மதுரவல்லியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அவள் சொன்னாள். வேலையை விட்டுவிட்டால் வினோதாவைப் பற்றி யாராவது ஒரு சேதி கொண்டுவரும்போது அங்கே இருக்கமாட்டோமே என்றுதான் சொன்னாள். ஆனால் தினமும் தோட்டத்து வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தாளே தவிர, முன்வாசலை மிதிக்கவில்லை.

ஒருநாள் ஞானசுந்தரின் அம்மா அன்னக்கொடி வந்தாள். கயிற்றுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு விரித்த கைகளை வெகுநேரம் பார்த்தாள். மதுரவல்லி உள்ளே இருந்து வந்து எதிரே நின்றாள். இரண்டு பேருக்கும் நடுவில் நிழல் கிடந்தது.

"ஏம்மா, நீங்க கூட இருந்தீகளாமே. ஒண்ணு கேக்கேன், உள்ளத சொல்லுங்க. இவரு கைய விரிச்சுக்கிட்டுக் கெடந்தது, அவுகள உள்ள வரவிடாமத் தடுக்கவா, இல்ல எம்புள்ளய வெளிய ஓடவிடாமத் தடுக்கவா?"

தோட்டத்து வழியாக அனுப்பியிருந்தால் அந்தப் பையன் பஸ் ஏறியிருப்பான் என்பது மதுரவல்லியின் நாக்கில் கல் மாதிரி கிடந்தது. அன்னக்கொடி கொஞ்ச நேரம் பதிலுக்கு நின்றாள். பிறகு குனிந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர்த்தெருவில் இறங்கி நடந்தாள்.

வினோதாவை மேற்கே மலையடிவாரத்து ஊரில் ஒரு சொந்தக்காரனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அம்பலவாணர் பிறந்தநாள் வந்தபோது அவளை அழைத்து வந்திருந்தார் குருவையா. மகள் பட்டுச்சேலையில் எல்லாருக்கும் முன்னால் ஐயாவைக் கும்பிட்டுவிட்டால் பழைய பேச்செல்லாம் அடங்கிவிடும் என்று அவருக்கு ஓர் எண்ணம். நாதஸ்வரம் முழங்கியது, பிள்ளைகள் கொடி ஆட்டினார்கள், சிலைக்கு மாலை விழுந்தது. குருவையா நிழலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பழக்கப்பட்ட காலால் தாண்டி உள்ளே போனார். புருஷனும் தாண்டிப் போனான். வினோதா வாசலில் நின்றுவிட்டாள்.

"வாம்மா, எல்லாரும் பாக்காங்க" என்றார் குருவையா உள்ளேயிருந்து.

அவள் வரவில்லை. மெலிந்துபோயிருந்தாள், கழுத்து நகையின் கனத்துக்குக் கழுத்து தாங்கவில்லை. நிழலின் தலைமாட்டில் பட்டுச்சேலையோடு தரையில் உட்கார்ந்தாள். காய்ச்சல்காரரிடம் பேசுவது மாதிரி, படிப்பில் பழகிய மெல்லிய குரலில் பேசினாள்.

"ஐயா, கைய எடுத்துக்கங்க. வலிக்கும். இனிமே யாரும் இங்க ஓடிவர மாட்டாங்கய்யா. எங்களப் பாத்தாச்சுல்ல, இனிமே ஒருத்தரும் வர மாட்டாங்க."

நாதஸ்வரம் நிற்கவில்லை, அதனால் பலருக்கு அது கேட்கவில்லை. கூடத்திலிருந்த மதுரவல்லிக்குக் கேட்டது. நிழலின் விரல்கள் முதலில் மடங்கின. அப்புறம் கைகள் மெதுவாக, ரொம்ப வருஷமாகச் சுமந்த பாரத்தை இறக்குகிற மாதிரி, உடம்பின் பக்கத்தில் வந்து விழுந்தன. வெயில் உச்சியில் எரிந்துகொண்டிருக்கும்போதே நிழல் காலிலிருந்து தேய்ந்து, மார்பு தேய்ந்து, கடைசியில் வினோதாவின் முட்டிக்குப் பக்கத்தில் ஒரு தலையளவு கறுப்பாக நின்றது. அவள் அதன் மேல் உள்ளங்கையை வைத்தாள். கையை எடுத்தபோது வெறும் பளிங்கு இருந்தது.

"நேரமாச்சு" என்று புருஷன் வந்து அவளைத் தூக்கி நிறுத்தினான். அவள் மறுபேச்சில்லாமல் அவன் கூடப் போனாள். அவளைப் பற்றி அதற்குப் பிறகு சேதி எதுவும் வரவில்லை.

ஊர் முதலில் ஐயாவுக்கு உடம்பு சரியில்லை என்றது. மழைக்காலம் முடிந்து வெயில் வந்தும் நிழல் வரவில்லை. வெளியூரிலிருந்து வந்தவர்கள் கயிற்றுக்குள் வெறும் தரையைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்கள். தேர்தல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. குருவையாதான் வழி சொன்னார். விழாக் குழு கூடி, நல்லதம்பி மேலே பேசி, சினிமா பேனர் எழுதிக்கொண்டிருந்த தங்கமுத்துவைக் கறுப்புப் பெயிண்ட்டோடு வரவழைத்தார்கள்.

தங்கமுத்து வாசலில் மண்டியிட்டுச் சாக்கட்டியால் கோடு போட்டான். தலையையும் முதுகையும் படத்தைப் பார்த்து வரைந்துவிட்டான். பிறகு நிமிர்ந்து, "மேடம், நீங்கதான் தெனம் பாத்தவங்க. கை எப்படி இருந்துச்சு?" என்று கேட்டான்.

"கடைசியில கீழ போட்டுட்டாரு" என்றாள் மதுரவல்லி.

அவன் சாக்கட்டியைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தான். "அப்படிப் போட்டா செத்த பொணம் மாதிரி இருக்குமே மேடம். பலகையில வேற வரவேற்கிறார்னு எழுதியிருக்கு" என்றான். அவன் இரண்டு கைகளையும் நிலைக்காலிலிருந்து நிலைக்காலுக்கு நன்றாக விரித்துப் போட்டான், ஒவ்வொரு விரலையும் பிரித்துப் போட்டான், முந்திய நிழலைவிட இது எடுப்பாக இருக்கிறதென்றும், இனிமேல் மேகம் மூடினாலும் ஐயா தெரிவார் என்றும் பார்த்தவர்கள் மெச்சினார்கள்.

மறுநாள் காலையில் தோட்டத்து வழியில் இரவு திடீரென்று பெய்த கோடை மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. மதுரவல்லி சிறிது நேரம் அங்கே நின்றாள், பிறகு திரும்பி முன்பக்கமாக வந்தாள். ஒரு பேருந்து நிறையக் கல்லூரிப் பிள்ளைகள் அவளுக்காகக் காத்திருந்தார்கள். கூட்டத்தின் கடைசியில் ஒரு பையனும் பெண்ணும் கொஞ்சம் இடைவெளி விட்டு, யாரும் பார்க்காத நேரத்தில் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் அவர்களைப் பார்த்தாள், பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, அகலமாக ஓர் அடி வைத்து உள்ளே போய் நின்று, வருகிறவர்களை நோக்கிச் சொன்னாள்:

"பெயிண்ட் இன்னும் காயல. மிதிச்சிராம, தாண்டி வாங்க."